ஒரு பவுண் காசும் மூன்று கேள்விகளும்

மட்டக்களப்புப் பக்கத்து ஆரையம்பதியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், அக்கா தங்கை இருவருக்கும் தாய் ஆளுக்கொரு பவுண் காசு கொடுத்திருந்தார். இரண்டிலும் ஒரே ராசாவின் தலை. பின்பக்கத்திலும் அதே குதிரைக்காரன்தான். பெரும்போக விதைப்புக்குப் பணம் தேவைப்பட்டு, இரண்டையும் ஒன்றாக அடகு வைக்கக் கொண்டுபோன அன்றுதான் பிரச்சினை தொடங்கியது. மதிப்பிட்டவர் தங்கையின் காசுக்குக் குறைத்துச் சொல்லியிருக்கிறார். "இது ஒரிஜினல் இல்லை" என்று ஒரு சொல்லையும் சேர்த்துவிட்டார். இருவரும் வைக்காமலே திரும்பிவிட்டார்கள். அந்தச் சொல் வீட்டு வாசலுக்கு வரும்போது "பித்தளை" ஆகியிருந்தது. அயலில் ஒரு சுற்றுச் சுற்றி வரும்போது "அம்மா சின்ன மகளை ஏமாத்திப்போட்டா" என்று ஆகியிருந்தது.

பழைய காசு பொறுக்கும் பழக்கம் எனக்கு இருப்பது ஊருக்குத் தெரியும். இரண்டு காசையும் ஒரு கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார்கள். "அசலா போலியா, ஒரு சொல்லில் சொல்லுங்க" என்றார்கள். ஒரு சொல்லில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் முடிச்சுப்போட்டுக் கிடக்கின்றன. உள்ளே இருப்பது தங்கமா, எவ்வளவு தங்கம்? இந்தக் காசு, தன்னைப் பற்றித் தானே சொல்கிற காசுதானா? தங்கத்தின் விலைக்கு மேலே ஒரு சதமாவது யாரும் கொடுப்பார்களா? ஒன்றுக்கு ஓம் என்றால் மற்றதுக்கும் ஓம் என்று பொருள் இல்லை. நல்ல தங்கத்தில் செய்த கள்ளக்காசு உண்டு. தங்கமே இல்லாத, ஆனால் விலை மதிப்புள்ள பழைய காசும் உண்டு.

பவுண் என்ற சொல்

குழப்பத்தில் பாதி இந்தச் சொல்லில் இருந்துதான் வருகிறது. நம்முடைய பேச்சில் பவுண் மூன்று வேலை பார்க்கிறது.

முதலில் அது ஒரு காசு. இங்கிலாந்து 1817 முதல் அடித்துவந்த தங்க நாணயம். அவர்கள் அதைச் 'சொவறின்' என்பார்கள். ஒரு ஸ்ரேர்லிங் பவுண் பெறுமதி உள்ளது என்பதால் நம்மவர்களுக்கு அது பவுண் காசு. பிறகு அது ஒரு நிறை. "மூன்று பவுணில் தாலிக்கொடி" என்றால் யாரும் மூன்று காசைக் கோர்த்துக் கழுத்தில் போடுவதில்லை. 24 கிராம் என்று அர்த்தம். மூன்றாவதாக அது தங்கத்துக்கே இன்னொரு பெயர். "பவுண் காப்பா, கவரிங்கா?" என்று கேட்கிறோமே, அது.

அசல் பவுண் காசின் நிறை 7.988 கிராம். வியாபாரத்தில் அதை 8 கிராம் என்று முழுதாக்கிவிட்டோம். பத்திரிகையில் தினமும் வரும் "24 கரட் பவுண் விலை" என்பது 8 கிராம் சுத்தத் தங்கத்தின் விலை. இங்கிலாந்து ராசா அப்படி 24 கரட்டில் சொவறின் அடித்து நம் பாட்டிமாருக்குக் கொடுக்கவில்லை. பழைய சொவறின் எல்லாமே 22 கரட். ஆகவே ஒருவர் "பவுண் வாங்கினேன்" என்றால், எந்தப் பவுண் என்று நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இதுவரை: காசு, நிறை, தங்கம் என்று ஒரே சொல்லுக்கு மூன்று பொருள். காசு 7.988 கிராம், நிறை 8 கிராம்.

கரட்: பாலும் தண்ணீரும்

கரட் என்பது கலப்பின் கணக்கு. எருமைப் பால் 24 கோப்பை இருக்கிறது என்று வையுங்கள். 24 கோப்பையும் பால் என்றால் அது 24 கரட். 22 கோப்பை பால், 2 கோப்பை தண்ணீர் என்றால் 22 கரட். தங்கத்தில் தண்ணீருக்குப் பதில் செம்பு அல்லது வெள்ளி. சொவறினில் அந்த இரண்டு பங்கும் செம்பு. அதனால்தான் அதன் நிறம் கொஞ்சம் சிவந்திருக்கும்.

பாலில் தண்ணீர் கலப்பது களவு. தங்கத்தில் கலப்பது தேவை. சுத்தத் தங்கம் மெதுமையானது. கையில் புழங்கப் புழங்கத் தேயும், நெளியும். ஏமாற்று என்பது, 21 போட்டுவிட்டு 22 என்று சொல்வதில்தான் இருக்கிறது.

நகையில் 916 என்று குத்தியிருந்தால் ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், அதாவது 22 கரட். 875 என்றால் 21 கரட். 750 என்றால் 18. நம் பழைய தட்டார்கள் இதையே மாற்று என்று சொன்னார்கள். பத்தரை மாற்றுத் தங்கம் என்றால் சுத்தத் தங்கம். அந்தக் கணக்கில் 22 கரட் ஒன்பதரை மாற்றுக்குக் கொஞ்சம் மேலே வரும்.

மத்திய கிழக்கு நாடுகளில் 21 கரட் நகை மிகச் சாதாரணம். குவைத், சவூதி என்று உழைக்கப் போனவர்கள் கொண்டுவந்த தங்கத்தில் பெரும் பங்கு அதுதான். அது தங்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 22 கரட் இல்லை, அவ்வளவுதான். இந்த ஒரு விசயம் விளங்காமல் எத்தனை வீட்டில் சண்டை நடந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவே முடியாது.

நெல்லும் பதரும்

வயல் வட்டைப் பக்கம் போய் வந்த யாருக்கும் இது சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு சாக்கு நிறைய நெல், இன்னொரு சாக்கு நிறையப் பதர். கண்ணுக்கு இரண்டும் ஒரே பருமன். தூக்கினால் தெரிந்துவிடும். ஒரு புசல் நல்ல நெல் 20 கிலோவைத் தாண்டும். பதர் அதே புசலுக்குள் கிடந்து பாதி நிறைகூடக் காட்டாது. இடம் ஒன்று, பாரம் வேறு.

இந்த வித்தியாசத்துக்குப் பெயர் அடர்த்தி. ஒரு கன சென்ரிமீற்றர் இடத்துக்குள் எத்தனை கிராம் அடங்கும் என்பதுதான் அது. தண்ணீருக்கு 1. பித்தளைக்கு எட்டரை அளவில். செம்புக்கு ஏறக்குறைய 9. வெள்ளிக்கு 10.5. பாரம் என்றால் நாம் உடனே நினைக்கும் ஈயத்துக்கே 11.3 தான். தங்கத்துக்கு 19.3! செம்பு கலந்த 22 கரட்டுக்குப் பதினேழரையைக் கொஞ்சம் தாண்டும்.

கள்ளக்காசு செய்பவனைப் பிடிப்பது இந்த எண்தான். அசல் பவுண் காசின் அளவிலேயே பித்தளையில் ஒன்று செய்தால் அது 4 கிராம்கூட வராது; கையில் வைத்த உடனே காட்டிக்கொடுக்கும். சரி, நிறையை 8 கிராமுக்கு ஏற்றுவோம் என்றால் காசு இரண்டு மடங்கு தடிக்கும், இல்லாவிட்டால் அகலும். நிறை, விட்டம், தடிப்பு மூன்றும் ஒரே நேரத்தில் சரியாக வர வேண்டுமானால், தங்கம் அளவுக்கு அடர்ந்த உலோகம் வேண்டும். மலிவில் அப்படி ஒன்று உண்டு: பழைய குண்டு மின்குமிழின் இழையில் இருக்கும் தங்குதன். அதன் அடர்த்தி தங்கத்துக்கு மிக அருகில். ஆனால் அது கடினமானது, நொறுங்கும் தன்மையுள்ளது; அச்சில் வைத்து நுணுக்கமான உருவம் அடிக்க இடம் கொடுக்காது. பெரிய தங்கக் கட்டிக்குள் ஒளித்து வைக்கத்தான் அது தோது. எட்டுக் கிராம் காசுக்கு அந்தப் பயம் குறைவு.

ஆகவே முதல் சோதனைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. 0.01 கிராம் காட்டும் சிறிய மின் தராசு ஒன்று, சாதாரண தரப் பிள்ளைகள் படிக்கும் வேணியர் இடுக்கிமானி ஒன்று. அசல் பவுண் காசின் விட்டம் 22.05 மில்லிமீற்றர், தடிப்பு 1.52. நிறை 7.988 என்று சொன்னேன். கைபட்டுத் தேய்ந்தது கொஞ்சம் குறையும். இங்கிலாந்துச் சட்டமே 7.938 கிராம் வரை தேய்ந்ததைப் பணமாக ஏற்றுக்கொண்டது. 7.96 என்று காட்டினால் பயப்படாதீர்கள். 7.5 என்றாலோ 8.3 என்றாலோ யோசியுங்கள்.

தண்ணீர்க் கிளாஸ்

தடிப்பை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. காசின் விளிம்பு உயர்ந்தும் நடு தாழ்ந்தும் இருப்பதால், அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று இடுக்கிமானியால் சரியாகச் சொல்ல முடியாது. தண்ணீர் சொல்லும். ஆர்க்கிமிடீஸ் கண்ட வழி இதுதான்.

தராசில் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக அமிழ விடுங்கள். அடியிலும் பக்கத்திலும் முட்டக்கூடாது, நூலைக் கையில் பிடித்தபடியே இருக்க வேண்டும். காசு எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் நிறையைத் தராசு காட்டும். தண்ணீரின் அடர்த்தி 1 என்பதால், அந்த எண்ணேதான் கன சென்ரிமீற்றரில் காசின் பருமன். காசின் நிறையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

அசல் சொவறின் என்றால் தராசு 0.45 என்று காட்டும். அதே 8 கிராமில் பித்தளை என்றால் 0.94 அளவில் காட்டும். தலைக்கும் காலுக்கும் உள்ள வித்தியாசம்; கணக்குக்கூடத் தேவையில்லை. காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்குப் பிழைக்கும். தொங்கலுக்கு வளையம் ஒட்டியிருந்தால் இன்னும் பிழைக்கும், ஏனென்றால் வளையமும் அதை ஒட்டிய பொடியும் வேறு கரட்டாக இருக்கலாம்.

அந்த இரண்டு காசையும் இப்படித்தான் பார்த்தேன். அக்காவுடையது 7.96 கிராம், தண்ணீரில் 0.45. வகுத்தால் 17.7. தங்கையுடையது சரியாக 8.00 கிராம், தண்ணீரில் 0.47. வகுத்தால் 17.0. பித்தளைக் கதை அந்த நிமிடத்தோடு முடிந்தது.

இங்கே ஒரு விசயத்தை ஒளிக்கக்கூடாது. 0.01 கிராம் காட்டும் தராசு, 0.01 அளவுக்குப் பிழையும் விடும். 0.45, 0.47 இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்தப் பிழைக்கு மிக அருகில். இந்த வீட்டுச் சோதனை தங்கத்தையும் பித்தளையையும் அடித்துச் சொல்லிப் பிரிக்கும். 22 கரட்டையும் 21 கரட்டையும் அப்படிப் பிரிக்காது. சந்தேகத்தைக் கிளப்பிவிடும், அவ்வளவுதான். அதற்கு மேலே கடைக்குப் போக வேண்டும்.

இதுவரை: கரட் என்பது கலப்பு, அடர்த்தி என்பது அந்தக் கலப்பு உடலில் காட்டும் பாரம். நிறை, விட்டம், தடிப்பு மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் மலிவான போலி தப்பாது.

காந்தம், பல், உரைகல், மெசின்

காந்தம் பிடிக்காவிட்டால் தங்கம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பித்தளையையும் காந்தம் பிடிக்காது. செம்பையும் ஈயத்தையும் வெள்ளியையும் பிடிக்காது. காந்தத்தில் ஒட்டினால் நிச்சயம் சந்தேகப்படலாம். ஒட்டாததால் ஒன்றும் தெரிய வராது. கடித்துப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். ஈயமும் பல்லுக்கு இடம் கொடுக்கும், தவிரக் காசில் பல் அடையாளம் விழுந்தால் நட்டம் உங்களுக்குத்தான்.

உரைகல் அப்படியல்ல, நம்பத் தகுந்தது. கறுத்த கல்லில் காசை உரசி, பக்கத்தில் கரட் தெரிந்த ஊசியால் இன்னொரு கோடு போட்டு, இரண்டின் மேலும் அமிலம் வைப்பார்கள். பித்தளைக் கோடு காணாமல் போகும். 21, 22 கோடுகள் நிற்கும் விதத்தில் அனுபவமுள்ள கண் வித்தியாசம் காணும். இப்போது பல கடைகளில் எக்ஸ் கதிர் மெசின் இருக்கிறது. காசை வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் தங்கம் இத்தனை வீதம், செம்பு இத்தனை வீதம் என்று திரையில் விழும்.

ஆனால் கல்லும் மெசினும் பார்ப்பது காசின் தோலை. எக்ஸ் கதிர் தங்கத்துக்குள் ஒரு மயிரின் தடிப்பளவுகூடப் போவதில்லை. நல்ல தடிப்பாகத் தங்க முலாம் பூசிய காசு இரண்டையும் ஏமாற்றிவிடலாம். அதற்காகச் சில கடைகளில் அரத்தால் விளிம்பில் வெட்டிப் பார்ப்பார்கள். நகைக்கு அது பரவாயில்லை. காசுக்கு அது காயம். காரணம் பின்னால் வரும். தண்ணீர்ச் சோதனை தோலைப் பார்ப்பதில்லை, முழு உடம்பையும் பார்க்கிறது. தோலுக்கு மெசின், உடம்புக்குத் தண்ணீர்: இரண்டும் ஒரே விடை சொன்னால் அரம் தேவைப்படாது.

தங்கையின் காசை மெசினில் வைத்தபோது 87 வீதத்துக்கு மேலே காட்டியது. 21 கரட்.

காசின் முகத்தைப் படிப்பது

இனி இரண்டாவது கேள்வி: இது சொவறின்தானா? இதற்குத் தராசு போதாது, உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும்.

காசை உருவாக்க இரண்டு வழி. அச்சு என்பது உருவம் எதிராகச் செதுக்கிய உருக்குக் கட்டை. இரண்டு அச்சுக்கு நடுவில் தங்கத் தட்டை வைத்துப் பெரும் அழுத்தத்தில் அடித்தால் வருவது அடித்த காசு. எழுத்தின் ஓரம் கத்தி மாதிரி நிற்கும், தட்டையான வெளி வழவழப்பாக இருக்கும். வார்ப்புக் காசு என்பது உருக்கி ஊற்றி எடுத்தது. வட்டிலப்பத்தை வெட்டிப் பார்த்தால் சின்னச் சின்னத் துளை தெரியுமே, அதுபோல அதன் மேல் நுண்ணிய குழிகள் இருக்கும். எழுத்தின் ஓரம் கரைந்த சவர்க்காரம் போல உருண்டிருக்கும். விளிம்பைச் சுற்றி ஒட்டுக் கோடு தெரிந்தால் வேறு சாட்சி தேவையில்லை. பவுண் காசு எல்லாம் அடித்த காசுதான். விளிம்பில் சீப்புப் பல் போலச் சீரான வரிகள் ஓடும்.

நம் பகுதியில் அதிகம் கண்ணில் படுவது ஐந்தாம் ஜோர்ஜ் காசு. அதில் ராசாவின் பெயரில் 'யூ' வர வேண்டிய இடத்தில் 'வீ' எழுத்து நிற்கும். எழுத்துப் பிழை, அதனால் போலி என்று என்னிடமே வாதாடியிருக்கிறார்கள். அது லத்தீன் எழுத்து முறை, பிழையல்ல. காசின் பெறுமதி எங்கும் எழுதப்படவில்லை என்பதும் குற்றமல்ல. சொவறினில் அப்படி எழுதுவதில்லை. பார்க்க வேண்டியவை வேறு. ராசாவின் கழுத்து வெட்டில் சிற்பி மக்கன்னலின் பெயரெழுத்துகள், பி.எம். என்று, பொடியாக இருக்கும். குதிரை வீரன் பறவைநாகத்தை மிதிக்கும் பின்பக்கத்தில், ஆண்டுக்குப் பக்கத்தில் பி.பி. என்று இருக்கும். அந்த உருவத்தைச் செதுக்கிய இத்தாலியச் சிற்பி பிஸ்ட்றூச்சியின் கையொப்பம் அது. நகைக்கடைக் கொப்பிகளில் இந்தப் பொடி எழுத்துகள் பெரும்பாலும் வெறும் புள்ளியாகக் கிடக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

ஆண்டுக்கு மேலே நிலத்தில் இன்னொரு சின்ன எழுத்து இருக்கலாம். சிட்னி, மெல்பேர்ண், பேர்த், ஒட்டாவா, பிரிட்டோரியா என்று எந்த ஊரில் அடித்தது என்பதைக் காட்டும் அடையாளம். 1918ல் மட்டும் பம்பாயிலும் அடித்தார்கள், அதற்கு 'ஐ' எழுத்து. எழுத்தே இல்லையென்றால் லண்டன்.

ஆண்டும் கதை சொல்லும். 1933 முதல் 1956 வரையான ஆண்டுகள் பொறித்துப் புழக்கத்துக்கு என்று சொவறின் அடிக்கவில்லை. ஆறாம் ஜோர்ஜுக்கு 1937ல் சேகரிப்பாளர்களுக்காகக் கொஞ்சம் அடித்ததோடு சரி. "எங்கட தாத்தா 1942ல வாங்கின, 1942 எண்டே போட்ட பவுண்" என்று யாராவது காட்டினால், தாத்தாவைச் சந்தேகிக்க வேண்டாம்; தாத்தாவுக்கு விற்றவனைச் சந்தேகிக்கலாம்.

போலி என்றால் எந்தப் போலி?

போலி என்ற ஒரே சொல்லுக்குள் நாலு வேறு சாமான்களைப் போட்டு உருட்டுகிறோம்.

கள்ளக்காசு என்பது ஏமாற்றவே செய்தது. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சொவறினுக்கு இருந்த கிராக்கியால், அதன் விலை உள்ளே இருந்த தங்கத்தின் விலையை விட மேலே ஏறி நின்றது. இத்தாலியிலும் லெபனானிலும் சிலர் சரியான தங்கத்தையே போட்டுக் கள்ளச் சொவறின் அடித்து, அந்த மேலதிக விலையை இலாபமாக எடுத்தார்கள். இங்கிலாந்து 1957ல் மீண்டும் பெருமளவில் சொவறின் அடிக்கத் தொடங்கியதற்கு இந்தக் கள்ள அச்சும் ஒரு காரணம். அப்படியொரு காசு உங்கள் வீட்டில் இருந்தால், முதல் கேள்விக்கு ஓம், இரண்டாவதுக்கு இல்லை.

நகைக்காசு என்பது தொங்கலுக்கும் காசுமாலைக்கும் என்று கடைக்காரர் செய்வது. லட்சுமி உருவத்தோடு நம் தட்டார் அடித்ததும் இதில் சேரும், வளைகுடா நாட்டுக் கடைகளில் ராசா தலையோடு 21 கரட்டில் விற்பதும் சேரும். இதை விற்பவர் தங்கமாகத்தான் விற்கிறார். சொவறின் என்று கைமாறும்போதுதான் பிழை நுழைகிறது.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது: காலத்துப் போலி. ஒரு காசு புழங்கிய அதே காலத்தில், உள்ளூரில் அதைப் பார்த்துச் செய்தது. இலங்கையில் கண்டெடுத்த உரோமச் செப்புக் காசுகளோடு, அவற்றைப் பார்த்து இங்கேயே செய்த சின்னக் காசுகளும் கலந்து கிடைத்திருக்கின்றன. வெனிஸ் நகரத்துத் தங்கக் காசு மூன்றரைக் கிராம், கிட்டத்தட்டச் சுத்தத் தங்கம். இந்தியக் கரைகளில் அதற்கு இருந்த மதிப்பால் அங்கேயும் அதைப்போல அடித்தார்கள். லத்தீன் தெரியாதவர் செதுக்கிய எழுத்து வெறும் கோலமாகிப்போனது. வெனிஸ் தலைவர் புனிதர் முன்னால் கொடிக்கம்பத்தைப் பிடித்து மண்டியிடும் காட்சி, தமிழ்நாட்டில் ஒருவர் பனையேறும் காட்சியாகத் தெரிந்து, காசுக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது! இப்படிப்பட்ட போலிகளைச் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். போலிக்கும் வரலாறு இருந்தால் விலை உண்டு.

கடைசி, கற்பனைக் காசு. எந்த அரசும் எந்தக் காலத்திலும் அடிக்காதது. கிழக்கிந்தியக் கம்பனியின் பெயரோடு அனுமாரோ பிள்ளையாரோ நிற்க, 1616, 1717, 1818 என்று ஆண்டு போட்ட பித்தளைக் காசுகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். அரிசியை இழுக்கும், வீட்டில் வைத்தால் பணம் கொழிக்கும் என்று இலட்சக்கணக்கில் விலை சொல்வார்கள். அதற்குப் பித்தளை விலை கிடைத்தால் சந்தோசம்.

விலை

மூன்றாவது கேள்வி. அடிப்படைக் கணக்கு எளிது: நிறையைத் தங்கப் பங்கால் பெருக்கி, அதைச் சுத்தத் தங்கத்தின் கிராம் விலையால் பெருக்க வேண்டும். வருவது உருக்கு விலை, அதாவது காசை உருக்கினால் கிடைக்கும் தங்கத்தின் விலை. உலகச் சந்தையில் அவுன்ஸ் விலையைப் பார்த்தால் 31.1 ஆல் வகுத்துக் கிராமுக்கு வாருங்கள்; தங்கத்துக்கான அவுன்ஸ் அந்த அளவு.

சுத்தத் தங்கம் கிராம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்குப் பிடித்த எண்தான், நீங்கள் வாசிக்கும் நாளில் வேறாக இருக்கும். அக்காவின் காசு 7.96 கிராம், 22 கரட்: உள்ளே 7.3 கிராமுக்கு ஒரு மயிரிழை குறைவான தங்கம், ஏறக்குறைய 291,900 ரூபாய். தங்கையின் காசு 8 கிராம், 21 கரட்: உள்ளே சரியாக 7 கிராம், 280,000 ரூபாய். வித்தியாசம் பன்னிரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைய. நிறை கூடிய காசில் தங்கம் குறைவு என்பதைக் கவனியுங்கள்.

கடைக்காரர் வாங்கும்போது இதிலும் குறைத்துத்தான் வாங்குவார். உருக்கும் செலவும் அவருடைய இலாபமும் அதில் இருக்கின்றன. அடகு வைக்கும் இடத்தில் பார்ப்பது தங்கத்தை மட்டும். ராசா யார், எந்த ஊரில் அடித்தது என்பதெல்லாம் அங்கே செல்லாது.

உருக்கு விலைக்கு மேலே கிடைப்பதைச் சேகரிப்பு விலை என்போம். பழையது என்றாலே அது வந்துவிடும் என்று நினைப்பது பெரிய பிழை. ஐந்தாம் ஜோர்ஜ் சொவறின் கோடிக்கணக்கில் அடித்த சாமான். பெரும்பாலானவற்றுக்கு மேலதிகமாக அதிகம் கிடைக்காது. அரிதாக இருக்க வேண்டும். 1917 நல்ல உதாரணம்: அவுஸ்திரேலியாவில் அடித்த 1917 காசு தாராளமாகக் கிடைக்கும், எழுத்தில்லாத லண்டன் 1917 மிக அரிது. ஒரு சின்ன எழுத்து இல்லாததுதான் விலை. அதனாலேயே அந்த எழுத்தைச் சுரண்டி எடுக்கும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள், லண்டன் 1917 என்றே கள்ளமாக அடித்ததும் உண்டு.

அரிய காசாக இருந்தாலும், வளையம் ஒட்டியது, துளை போட்டது, அரத்தால் வெட்டியது என்றால் சேகரிப்பாளர் கையை எடுத்துவிடுவார். புளியும் சாம்பலும் போட்டுப் பளபளப்பாகத் தேய்த்தாலும் அப்படித்தான். பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்குச் செய்யாதீர்கள். அழுக்கோடே காட்டுங்கள்.

இதுவரை: உருக்கு விலை கணக்கில் வரும், யாரும் மறுக்க முடியாது. சேகரிப்பு விலை அரிதான தன்மையிலும் காயமில்லாத உடம்பிலும் வரும். பெரும்பாலான வீட்டுக் காசுக்கு அது இல்லை.

மண்ணுக்குள் இருந்து வந்த காசு

"காணி வெட்டும்போது கிடைத்தது, வெளியில் சொல்லாதீங்க" என்று மெல்லிய குரலில் ஒருவர் ஒரு காசைக் காட்டுவார். அதைக் கடையில் சோதித்துப் பார்க்கவும் விடுவார். அது அசலாகவே இருக்கும். அதைப் பார்த்து நம்பி வாங்கும் பையில் இருக்கும் மற்றவை பித்தளையாக இருக்கும். சோதித்த காசும் வாங்கும் காசும் ஒன்றல்ல என்பதுதான் முழு வித்தையும்.

உண்மையிலேயே மண்ணில் கிடைத்தது என்றால் அது வேறு சிக்கல். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய பொருள் தொல்பொருள். மண்ணுக்குள் கண்டுபிடிக்கப்படாமல் கிடப்பது அரசுக்கு உரியது. கண்டெடுத்தவர் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும், அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் முடியாது. அம்மம்மாவின் பெட்டகத்தில் இருந்த ஐந்தாம் ஜோர்ஜுக்கு இந்தப் பயம் இல்லை, அது நேற்றைய காசு. ஆனால் குளக்கட்டில் கிடைத்த பழைய காசை அடகுக் கடைக்கோ தட்டாரிடமோ கொண்டுபோவது வம்பை விலைக்கு வாங்குவது.

இரண்டு காசுக்கும் நடந்தது

மெசின் சொன்னதைக் கேட்ட பிறகும் ஒரு கேள்வி வீட்டில் மிச்சம் இருந்தது: தாய்க்குத் தெரிந்தே நடந்ததா? தாய், நான் மாமி என்று கூப்பிடுபவர், ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் ரின்னைக் கொண்டுவந்தார். அக்காவுடைய காசு மாமியின் தாய் வழியாக வந்தது. தங்கைக்கும் அதேபோல ஒன்று வேண்டும் என்று, குவைத்தில் வேலை செய்த காலத்தில் சம்பளம் சேர்த்து வாங்கியிருக்கிறார். ரின்னுக்குள் அந்தக் கடை பில் இருந்தது. முழுக்க அரபு எழுத்து. இத்தனை வருசமும் யாரும் வாசித்துப் பார்க்கவில்லை.

எங்கள் தெருவுக்குத் துணி கொண்டுவரும் காத்தான்குடி நானா அன்று பின்னேரம் வந்தபோது பில்லைக் காட்டினோம். சைக்கிளை விட்டு இறங்காமலே வாசித்தார். "எட்டுக் கிராம். இருபத்தொரு கரட். தெளிவாத்தான் போட்டிருக்கான்."

மாமி என்னைப் பார்த்தார். "நான் பவுண் காசு வேணும் எண்டுதானே தம்பி கேட்டன். எட்டுக் கிராம் எண்டான். எட்டுக் கிராம்தானே கிடக்கு?"

சின்ன மகள் என்னிடம் இருந்த உருப்பெருக்கியை வாங்கி, தன்னுடைய காசில் இல்லாத அந்த இரண்டு எழுத்துகளை இன்னொரு தரம் தேடிப் பார்த்தார்.